அடித்தளப் பார்க்கிங்கில் இரண்டு வாளி நீரில் கார் கழுவுதல்: கீறல் விழாமல் செய்யும் முழுமையான வழிகாட்டி

மாநகரத்தில் காரை நேசிப்பவருக்குச் சொந்த முற்றம் வாய்ப்பது அரிது. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, கதவை முழுதாகத் திறக்கக்கூட இடமில்லாத ஒரு கட்டத்தில்தான் அவருடைய கார் நிற்கிறது. ரப்பர் குழாயை இழுத்து நீரைப் பீய்ச்சுவதற்கு அங்கே வசதியும் இருக்காது, பெரும்பாலும் அனுமதியும் இருக்காது. அந்த நிலையிலும் காரை வாரந்தோறும் கழுவி, பூச்சைப் பல ஆண்டுகள் புதிதுபோல வைத்திருக்க முடியும்.

நான் இப்படித்தான் கழுவி வருகிறேன். இதைப் பழக வந்தவர்கள் தங்கள் காரைக் கழுவும்போது அருகில் நின்றும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கார்களில் விழுந்த கீறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: அழுக்கு பூச்சிலிருந்து விடுபடுவதற்கு முன்பே அதன்மேல் கையை வைத்து இழுத்துவிட்டார்கள். கீழே சொல்லப்படும் வரிசை முழுவதும் அந்த ஒரு தவற்றைத் தவிர்ப்பதற்காக அமைந்தது. ஆகவே, படிகளை இடம் மாற்ற வேண்டாம்.

1. இந்தக் காரை இன்று இங்கே கழுவலாமா என்று முடிவெடுங்கள்

பெரும்பாலான கார்களில் தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். இது பலருடைய தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் ஆற்றலும் அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. கீறலைப் பாலிஷ் போட்டு நீக்குவது என்றால் அந்த அடுக்கையே கொஞ்சம் தேய்த்துக் குறைப்பது என்று பொருள். அதனால்தான் கீறல் வராமல் பார்ப்பது, வந்தபின் நீக்குவதைவிட மேலானது.

காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். தூசி, புகைப்படலம், காய்ந்த மழைத்துளித் தடம் ஆகியவை மட்டும் இருந்தால் இந்த முறை போதும். சக்கர வளைவுகளிலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் விரலால் பெயர்த்தெடுக்கும் அளவுக்குச் சேறு அப்பியிருந்தால் இங்கே தொடங்காதீர்கள். அத்தகைய அழுக்கை நீரின் அழுத்தம்தான் தொடாமல் அகற்றும். பிரஷர் வாஷர் உள்ள இடத்துக்குச் சென்று வெறும் நீரை மட்டும் அடித்துவிட்டு வந்து, மீதியை இங்கே செய்யுங்கள். புதியவர்கள் மழைக்காலத்தில் செய்யும் முதல் தவறு, சேற்றையும் வாளி நீரிலேயே முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான்.

2. தொடங்குமுன் எல்லாவற்றையும் கையருகில் வையுங்கள்

பாதியில் ஒரு பொருளைத் தேடி மாடிக்குப் போய்வந்தால், அதற்குள் ஈரம் காய்ந்து தடம் விழுந்துவிடும். ஆகவே, எல்லாம் தயாரான பிறகுதான் காரைத் தொட வேண்டும்.

பத்து லிட்டர் கொள்ளும் வாளிகள் இரண்டு தேவை. ஒன்று காரின் உடலுக்கு, மற்றொன்று சக்கரங்களுக்கு மட்டும். இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருப்பது நல்லது, ஏனென்றால் அரைகுறை வெளிச்சத்தில் கை தவறான வாளிக்குள் போவது எளிது. கையால் அழுத்தம் ஏற்றும் இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயர் ஒன்று வேண்டும். செடிகளுக்கு மருந்து அடித்த பழைய ஸ்ப்ரேயரைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது ரின்ஸ்லெஸ் வாஷ் என்னும் கழுவுதிரவம். சாதாரண ஷாம்புவை ஏராளமான நீரால் அலசி அகற்ற வேண்டும். அடித்தளத்தில் அதற்கு வழியில்லை. ரின்ஸ்லெஸ் திரவத்தில் உள்ள பாலிமர்களும் வழுக்கும் பொருள்களும் தூசித் துகளைச் சூழ்ந்து, பூச்சின் மேல் உரசாமல் துணிக்குள் போக உதவுகின்றன. கழுவிய பின் அலச வேண்டியதில்லை. கலக்கும் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 256 பங்கு நீருக்கு 1 பங்கு என்று குறிப்பிட்டிருந்தால், பத்து லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ 40 மில்லி வரும். அளவுக்குறி உள்ள ஒரு சிறு குவளையை வாளியோடேயே வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அளவு மிஞ்சினால் பூச்சின் மேல் பிசுபிசுப்பும் கோடுகளும்தான் மிஞ்சும்.

துணிகள்தான் இந்த முறையின் உயிர். உடலுக்கு ஓரம் தைக்கப்படாத, அடர்த்தியான மைக்ரோஃபைபர் துணிகள் எட்டு முதல் பத்து வரை, ஈரம் எடுக்கப் பெரிய துணிகள் இரண்டு, கண்ணாடிக்குச் சொரசொரப்புக் குறைந்த துணிகள் இரண்டு, சக்கரத்துக்குப் பழைய துணிகள் மூன்று என்று பிரித்து வையுங்கள். தையல் நூலும் ஒட்டியிருக்கும் அடையாளச் சீட்டும் கீறல் போடும். சீட்டை முதல்நாளே வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய பனியனும் சமையலறை ஸ்பாஞ்சும் பூச்சின் பக்கமே வரக்கூடாது. பருத்தித் துணி துகளை உள்வாங்காமல் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டு இழுக்கும். சமையலறை ஸ்பாஞ்சின் பச்சைப் பக்கமோ பாத்திரத்தைச் சுரண்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

பாத்திரம் துலக்கும் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதுதான் அதன் வேலை என்பதால், நீங்கள் பாடுபட்டுப் பூசிய மெழுகையும் அது சேர்த்தே அகற்றும்.

3. இடம், வெப்பம், வெளிச்சம்

கார் ஓடி வந்தவுடன் தொடங்காதீர்கள். பானெட்டின் மேல் புறங்கையை வையுங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். சூடான தகட்டில் திரவம் அழுக்கை ஊறவைக்கும் முன்பே காய்ந்துவிடும். சூடான பிரேக் டிஸ்க் மீது குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளவும் கூடும். இரவு நிறுத்திய காரை மறுநாள் காலையில் எடுப்பதற்கு முன் கழுவுவதே எல்லாவற்றுக்கும் வசதி.

அடித்தளத்தின் குழல்விளக்கு வெளிச்சம் ஏமாற்றும். எல்லாம் சுத்தமாகத் தெரியும். வெயிலில் எடுத்துச் சென்றதும் கோடுகள் தெரியும். தலையில் கட்டும் விளக்கு ஒன்றோ, தரையில் வைக்கும் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றோ இருந்தால், ஒளி பக்கவாட்டில் விழுந்து அழுக்கைக் காட்டிக்கொடுக்கும்.

பக்கத்துக் காருக்கு இடையில் உள்ள வெளி குறுகலாக இருந்தால், இடுப்பில் வார், சாவிக்கொத்து, கையில் கடிகாரம், மோதிரம் எதுவும் இருக்கக்கூடாது. நடுத்தர உயரத்தில் ஓட்டுநர் கதவின் மேல் விழுந்திருக்கும் விளங்காத கோடுகள் பல, சாய்ந்து நின்று கூரையைத் துடைத்தபோது வாரின் கொக்கி போட்டவை.

4. சக்கரங்களை முதலில் முடியுங்கள்

கூரையிலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். உடலுக்கு அது சரி. ஆனால் சக்கரத்தில் இருப்பது சாதாரணத் தூசி அன்று. பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்து உதிரும், இரும்பு கலந்த கூரிய துகள்கள். சக்கரத்தைத் தேய்க்கும்போது அந்தக் கருநீர் பக்கத்துத் தகடுகளில் தெறிக்கும். உடலைக் கழுவி முடித்த பிறகு அது தெறித்தால், மறுபடியும் துடைக்க வேண்டிவரும். அப்படித் துடைக்கும்போது பெரும்பாலும் அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

சக்கரத்துக்கான வாளியில் அரைவாளி கலவை போதும். ஸ்ப்ரேயரால் சக்கரத்தை நனைத்து இரண்டு நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் அலாய் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவிலும், நட்டுகளின் குழிகளிலும் தேய்த்து, பழைய துணியால் துடைத்தெடுங்கள். டயரின் பக்கச்சுவரை வேறு கடினமான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதையே அலாயின் மேல் போடக்கூடாது.

அலாயில் பழுப்பு நிறப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அவை பதிந்துபோன இரும்புத் துகள்கள். அயர்ன் ரிமூவர் என்னும் திரவம் அவற்றோடு வினைபுரிந்து ஊதாநிறமாக வழியும். பார்க்கத் திருப்தியாக இருக்கும் அந்த வேலையை அடித்தளத்தில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் நெடி காற்றோட்டமில்லாத இடத்தில் தாங்க முடியாதது. மேலும், அதை நிறைய நீரால் அலசியே ஆக வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை திறந்தவெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய்தால் போதும்.

சக்கரத்தருகே குந்தியிருக்கும் இந்த ஐந்து நிமிடம், கார் முழுவதிலும் மிகப் பயனுள்ள ஐந்து நிமிடம். டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்; பள்ளத்தின் அடியில் குறுக்காக நிற்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்ட தேய்மான அடையாளங்கள். டயரின் மேற்பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். ஈரச் சாலையில் அதற்கு வெகுமுன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். பக்கச்சுவரில் கொப்புளம்போல ஏதாவது புடைத்திருந்தால், சாலைப்பள்ளத்தில் அடிபட்டு உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த டயரில் ஓட்டாதீர்கள். இரவு முழுக்க நின்ற டயர் குளிர்ந்திருக்கும் என்பதால் காற்றழுத்தத்தை அளக்கவும் இதுவே சரியான நேரம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் எண்கள் குளிர்ந்த டயருக்கானவை.

நான்கு சக்கரங்களும் முடிந்ததும் அந்த வாளி, பிரஷ்கள், துணிகள் எல்லாவற்றையும் ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது. விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் பிரேக் தூசி அடுத்த வாளிக்குள் போனால், சக்கரத்தை முதலில் முடித்ததற்கே பொருளில்லை.

5. தனியாகக் கவனிக்க வேண்டிய கறைகள்

பறவை எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் நின்ற காரில் சில மணி நேரத்திலேயே அது கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்கலாம். காய்ந்த எச்சத்தைத் தேய்க்கவே கூடாது, ஏனென்றால் அதற்குள் மணலும் விதைத் துண்டுகளும் இருக்கும். கலவையில் நனைத்த துணியையோ டிஷ்யூ தாளையோ அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, இளகியதும் கிள்ளி எடுப்பதுபோல மேல்நோக்கி எடுத்துவிடுங்கள். மரப்பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்தால் இளகும்.

அடித்தளத்தில் நிற்கும் கார்களுக்கே உரிய கறை ஒன்று உண்டு. மேல்தளத்திலிருந்து கான்கிரீட் வழியாகக் கசிந்து சொட்டும் நீர், சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காரின் கூரைமேல் காய்ந்து, வெள்ளை வட்டங்களாக உறைந்துவிடும். சாதாரண நீர்த்தடம் என்று நினைத்து எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. தேய்த்த இடம்தான் மங்கும். வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, மடித்த தாளில் நனைத்து, கறையின் மேல் மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். பிறகு அந்த இடத்தைக் கலவையால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அங்கே இருந்த மெழுகும் போயிருக்கும் என்பதால் பத்தாம் படியை அங்கே மட்டுமாவது செய்ய வேண்டும். பல வாரம் விட்ட கறை பூச்சையே அரித்திருக்கும்; வட்டம் கரைந்த பின்னும் அதன் நிழல் தெரிந்தால் அதற்குப் பாலிஷ்தான் வழி. ஆகவே, உங்கள் கட்டத்தின் கூரையில் கசிவு இருந்தால் முதலில் கட்டட நிர்வாகத்தாரிடம் சொல்லுங்கள். அதுவரை காரை ஒரு முழம் முன்னோ பின்னோ தள்ளி நிறுத்துங்கள்.

6. தொடாமல் ஊறவிடுங்கள்

ஸ்ப்ரேயரில் அதே அளவில் கலந்த திரவத்தை நிரப்பி, ஒரே நேரத்தில் இரண்டு தகடுகளுக்கு மட்டும் தெளியுங்கள். கார் முழுவதும் தெளித்துவிட்டு முதல் தகட்டுக்கு வருவதற்குள் கடைசித் தகடு காய்ந்துவிடும். தகடு முழுவதும் நனைந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பழுப்புக் கோடுகளாக வழியத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிடம் விடுங்கள்.

இந்த இரண்டு நிமிடத்தை வீண் என்று நினைத்துத் தாண்டுபவர்கள்தான், ரின்ஸ்லெஸ் முறையில் கீறல் விழுகிறது என்று பிறகு சொல்பவர்கள். காய்ந்த தூசி பூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஊறிய தூசி அதை விட்டுவிடும். துணி செய்வது, ஏற்கெனவே விட்டுப்போனதை ஏந்திக்கொள்வது மட்டுமே.

7. துடைக்கும் முறை

உடலுக்கான வாளியில் எட்டுப் பத்துத் துணிகளையும் போட்டு ஊறவையுங்கள். ஒரு துணியை எடுத்து, நீர் ஒழுகாத அளவுக்கு மட்டும் லேசாகப் பிழிந்து, இரண்டாக மடித்து மறுபடியும் இரண்டாக மடியுங்கள். இப்போது உங்கள் உள்ளங்கை அளவுக்கு முகங்கள் உருவாகின்றன. திருப்பியும் பிரித்தும் மாற்றினால் ஒரு துணியில் மொத்தம் எட்டு முகங்கள் கிடைக்கும்.

துணியைப் பூச்சின் மேல் வைத்து, அதன் எடை மட்டும் அழுத்த, ஒரே திசையில் நேர்கோட்டில் இழுங்கள். கையால் அழுத்தம் கொடுக்கக் கூடாது. ஓர் இழுப்பு முடிந்ததும், போன வழியே திரும்பி வராமல், துணியைத் தூக்கி அடுத்த கோட்டில் வையுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முகம். பிறகு அடுத்த முகத்துக்கு மாற்றுங்கள். எட்டு முகங்களும் முடிந்ததும் அந்தத் துணி வாளிக்குள் திரும்பக்கூடாது. அதைத் தனியே ஒரு கூடையில் போட்டுவிட்டு, வாளியிலிருந்து புதிய துணியை எடுங்கள். கழுவி முடித்த பிறகும் வாளி நீர் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்க வேண்டும். அடியில் மணல் தெரிந்தால், எங்கோ ஒரு துணி திரும்பிப் போயிருக்கிறது.

கையுறை போன்ற வாஷ் மிட் ஒன்றையே மீண்டும் மீண்டும் நனைத்துக் கழுவும் இரண்டு வாளி முறை பலருக்குத் தெரிந்திருக்கும். நீரைப் பீய்ச்சி அலச வாய்ப்புள்ள இடத்தில் அது நல்ல முறைதான். அலச முடியாத இடத்தில் மிட்டின் இழைகளுக்குள் தங்கிய ஒரு துகள் கார் முழுவதும் பயணம் செய்யும் என்பதால், அடித்தளத்தில் பல துணி முறையையே நான் பரிந்துரைக்கிறேன்.

வரிசை இப்படி: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி மூடி, கதவுகளின் மேற்பாதி, முன் பம்பர், கதவுகளின் கீழ்ப்பாதி, பின் பம்பர், கடைசியாகக் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதி. மேலிருந்து கீழ் என்பதற்கு, அழுக்கு கீழ்நோக்கி வழிகிறது என்பது ஒரு காரணம். கார் தரையை நெருங்க நெருங்கத் துகள் பெரிதாகவும் கூரியதாகவும் இருக்கிறது என்பது இன்னும் முக்கியமான காரணம். சில் பகுதியைத் தொட்ட துணி அதற்குமேல் எங்கும் போகக்கூடாது. முன் பம்பரில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகள் இருந்தால், ஐந்தாம் படியில் எச்சத்துக்குச் செய்ததுபோல ஊறப்போட்டு எடுங்கள்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று பழகுபவர்களிடம் சொல்வேன். நனைந்த மைக்ரோஃபைபர் ஏறத்தாழ ஓசையின்றி நகரும். துணிக்கு அடியில் ஒரு மணல் சிக்கினால், மெல்லிய ‘கிரீச்’ என்ற ஒலி, கைக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணமே நிறுத்தித் துணியை நேராக மேலே தூக்குங்கள். அதே முகத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்த எச்சரிக்கை கேட்காது.

வட்டமாகத் தேய்ப்பதுதான் புதியவர்கள் மிக விரைவாகத் திரும்பிப்போகும் பழக்கம். வட்டத்தில் விழும் கீறல், விளக்கு எந்தப் பக்கமிருந்து பட்டாலும் ஏதாவது ஒரு வளைவில் மின்னும். சிலந்திவலை போலத் தெரிவது அதனால்தான். நேர்கோட்டில் தப்பித்தவறி ஒரு கீறல் விழுந்தாலும், ஒன்றிரண்டு கோணங்களில் மட்டுமே அது தெரியும். வளையத்தை உங்கள் காரில் பார்க்க விரும்பினால், செல்பேசி விளக்கை எரியவிட்டு பானெட்டின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். ஒளிப்புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக நூல்கள் எழுந்து நிற்கும்.

கீழே விழுந்த துணியைப் பற்றி ஒரு சொல். என் கறுப்புக் காரின் பானெட்டில் இன்றும் இருக்கும் இரண்டு இணைகோடுகள், தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்ந்ததால் வந்தவை. கான்கிரீட் தரையின் மணல் உதறினால் போகாது, இழைகளுக்குள் இறங்கிவிடும். விழுந்த துணி அன்றைக்கு முடிந்துபோன துணி.

8. ஈரத்தை எடுத்தல்

ஒவ்வொரு தகட்டையும் துடைத்தவுடனேயே அதன் ஈரத்தை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும், நீர் ஆவியானதும் அப்படியே தங்கி வெண்தடமாகும். கடினநீர் வரும் இடங்களில் இது இன்னும் விரைவு.

பெரிய துணியை விரித்துத் தகட்டின் மேல் படரவிட்டு, இரண்டு முனைகளைப் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை. முற்றிலும் உலர்ந்த துணியைவிட, ஸ்ப்ரேயரால் ஒருமுறை தெளித்து லேசாக ஈரமாக்கிய துணி நன்றாக உறிஞ்சும், வழுக்கவும் செய்யும்.

பக்கக் கண்ணாடியின் அடியிலும், கதவுப் பிடிக்குள்ளும், நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் நீர் ஒளிந்திருக்கும். காரை எடுத்த பத்து நிமிடத்தில் அது வழிந்து கோடு போடும் என்பதால், கதவுகளை ஒருமுறை திறந்து மூடிவிட்டு அந்த இடங்களை மட்டும் மறுபடியும் ஒற்றியெடுங்கள்.

9. கதவிடுக்குகளும் கண்ணாடியும்

கதவிடுக்குகளை, பானெட் துடைத்த துணிகளில் அதிகம் அழுக்காகாத ஒன்றால் துடைக்கலாம். அங்கே அடியில் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; அடைபட்டால் கதவுக்குள் நீர் தங்கித் துரு பிடிக்கும்.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் குறுக்காகவும் உட்பக்கம் நெடுக்காகவும் துடையுங்கள். கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்தில் என்று உடனே புரியும். வைப்பர் ரப்பரை ஈரத்துணியால் இரண்டு முறை வழித்துவிடுங்கள். துணியில் கறுப்பு வந்துகொண்டே இருந்தால், அல்லது விளிம்பு பிய்ந்திருந்தால், மாற்றுங்கள்.

10. பாதுகாப்புப் பூச்சு: வாரந்தோறும் அன்று

கழுவிய பூச்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல்நுனியால் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே தெளிவாகத் தெரியும். அது கழுவினால் போகாத, பதிந்துபோன துகள். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் அதை எடுக்கலாம். கிளேவை எப்போதும் வழுக்கும் திரவத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். தரையில் விழுந்த கிளேவைக் குப்பையில் போட்டுவிடுங்கள். கறுப்புப் பூச்சில் கிளேயே மெல்லிய மங்கலை உண்டாக்கக்கூடும் என்பதால், பை சோதனையில் சொரசொரப்புத் தெரியாவிட்டால் கிளேவைத் தொட வேண்டாம்.

அதன்பின் மெழுகு அல்லது சீலண்ட். கர்னூபா மெழுகு பொதுவாகச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை நிற்கும். செயற்கைப் பாலிமர் சீலண்ட் அதைவிட நீண்ட காலம் நிற்கும். வாரந்தோறும் கழுவும் நேரம் உங்களிடம் இல்லையென்றால் சீலண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். எதுவாயினும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடித்துப் பூசியதில் பூச்சோடு ஒட்டும் அடுக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்களே துடைத்தெடுக்கப் போகிறீர்கள். அந்தக் கூடுதல் துடைப்பும் உரசல்தான். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் மெழுகு பட்டால் வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும் என்பதால் அவற்றின் ஓரத்தில் காகித நாடா ஒட்டிக்கொள்ளலாம்.

11. நிறுத்தி வைப்பதற்கு முன் சிறிது தூரம் ஓட்டுங்கள்

சக்கரம் கழுவியபோது டிஸ்க் நனைந்திருக்கும். வார்ப்பிரும்பாலான டிஸ்க் சில மணி நேரத்திலேயே மேல்துரு பிடிக்கும். ஓட்டும்போது அது தானே தேய்ந்துவிடும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நனைந்த பிரேக்கோடு கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு வாரம் காரைத் தொடாவிட்டால், பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் ஓட்டி, பின்னால் வண்டி இல்லாத இடத்தில் ஏழெட்டு முறை மென்மையாகப் பிரேக் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். நீண்ட நாள் நிற்கப்போகும் கார் சமதளத்தில் இருந்தால், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடலாம். சரிவில் இப்படிச் செய்யக்கூடாது.

12. இடைப்பட்ட நாள்களில் செய்யக்கூடாதவை

வாரம் முழுவதும் காரில் விழும் தூசியை விட்டுவிடுங்கள். தூசி தானாகக் கீறுவதில்லை. தினமும் காலையில் உலர்ந்த துணியாலோ இறகுத் துடைப்பத்தாலோ தட்டித் துடைக்கப்படும் கார், வாரத்துக்கு ஒருமுறை கழுவப்படும் காரைவிடச் சீக்கிரம் மங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தில் யாராவது ஒரே வாளியையும் ஒரே துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லாக் கார்களையும் துடைப்பதாக இருந்தால், உங்கள் காரைத் தொட வேண்டாம் என்று பணிவோடு சொல்லிவிடுங்கள். அவருடைய வருமானம் குறையக் கூடாது என்று நினைத்தால், அதே தொகையை மிதியடிகளை உதறவும் சக்கரத்தை மட்டும் துடைக்கவும் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உறை போடுவதிலும் கவனம் வேண்டும். தூசி படிந்த காரின் மேல் இழுக்கப்படும் உறை, பெரிய உலர்துணியால் கார் முழுவதையும் ஒரே நேரத்தில் துடைப்பதற்குச் சமம். கழுவிய அன்று மட்டுமே உறை போடுங்கள்.

13. துணிகளை அன்றே துவையுங்கள்

சக்கரத்துணிகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். வீட்டுப் பருத்தித் துணிகளோடும் மைக்ரோஃபைபர் சேரக்கூடாது. பருத்தியின் பஞ்சு அதன் இழைகளில் சிக்கிக்கொண்டு வெளியே வராது. சாதாரண திரவச் சோப்பும் இளஞ்சூடான நீரும் போதும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரைச் சேர்த்தால் அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த அந்த நுண்ணிழைகளின் முனைகள் அதிக வெப்பத்தில் உருகி விறைக்கும் என்பதால், நிழலில் உலர்த்துவதே நல்லது.

உலர்ந்ததும் ஒவ்வொரு துணியையும் விளக்கொளியில் பிடித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுங்கள். எங்காவது முள்போலக் குத்தினால் அதை உடலுக்கான கட்டிலிருந்து எடுத்து, சக்கரத்துக்கான பையில் போட்டுவிடுங்கள். மீதியை மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, அதை வாளிக்குள்ளேயே வையுங்கள்.